புழு தின்ற இலை

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை.
பள்ளி பேண்டுக்கு டிராம்போன் வாங்க
டிராமன் நகரத்து ஜிம் ஹாலில்
பழைய சாமான் சந்தை.
ஏறுகயிறுகளைச் சுருட்டி மேலே கட்டியாயிற்று.
வாஃபிள் வாசனை. நனைந்த கம்பளி வாசனை.
எனக்கு எப்போதும் நகை மேசை.

வெள்ளியென்று நினைத்து எடுப்பார்கள்.
திருப்பிப் பார்ப்பார்கள்.
முதுகில் முத்திரை: வெள்ளீயம்.
சுட்டதுபோல் போட்டுவிடுவார்கள்.
பக்கத்துத் தட்டில் மெழுகுவர்த்தித் தண்டுகள்,
எல்லாம் பித்தளை,
ஈயத்தைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும்.

எனக்கு அது பிடிக்கும்.
மழைக்கு முந்தைய ஃபியோர்டின் நிறம்.
சட்டைப் பையில் வைத்தால்
உடம்புச் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும்.
துருப்பிடிக்காது.
வளைத்தால் மட்டும் லேசாக முனகும்,
காதருகே வைத்துக் கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் ஒரு சுருட்டுப் பெட்டியில் வந்தன
பதினொரு ப்ரோச்சுகள்.
பதினொன்றும் ஒரே பிர்ச் இலை.
நரம்பு நரம்பாக, பல்விளிம்பு பிசகாமல்.
இடது ஓரத்தில் பிறைபோல ஒரு கடி.
புழு தின்ற இடம்.

அறுபதுகளில் யாரோ
ஒரு நிஜ இலையைக் களிமண்ணில் அமுக்கி
அச்செடுத்திருக்க வேண்டும்.
முழு இலையாகத் தேடிப் பறிக்க நேரமில்லையோ,
இதுதான் முழு இலை என்று தோன்றியதோ.
எப்படியோ
ஒரு புழுவின் காலைச் சாப்பாடு
கோட்டுக் காலர்களில் ஏறிக்கொண்டது.
பெர்கன் மீன் சந்தையில், புடோ தபாலாபீஸ் வரிசையில்,
யார் யாருடைய சாவுக்கெல்லாமோ போய்வந்தது.

பத்து மணிக்குக் கதவைத் திறந்ததும் ஹால்ஸ்டைன் வந்தார்.
காகித ஆலையில் கொதிகலன் பார்த்தவர்.
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை?"
"பதினொன்று."
"எல்லாம் கொடு."

பையில் போடும்போது குரலைத் தாழ்த்தினார்.
கையில் காசில்லாத காலத்தில்
ஒட்னிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தாராம்.
மலிவென்று சொல்லக் கூச்சப்பட்டு,
'உனக்கென்றே செய்யச் சொன்னேன்,
உலகத்திலேயே ஒன்றுதான்,
அந்தக் கடியைக்கூட நான்தான் வைக்கச் சொன்னேன்'
என்றாராம்.
எதற்குக் கடி என்று கேட்டாளாம்.

"என்ன சொன்னீர்கள்?"

"ஏதோ சொன்னேன். ஐம்பத்திரண்டு வருஷமாயிற்று.
அவளுக்கு ஞாபகமிருக்கும்."

ஒன்று இருபது குரோனர்.
இருநூற்று இருபதை எண்ணி வைத்தார்.
ரசீது வேண்டாமென்றார்.
பையைக் கோட்டுக்குள் செருகி
மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
எதைச் சொல்வது?
போன வருஷம் சிவப்பு மழைக்கோட்டில் ஒருத்தி
இதே இலையில் மூன்று வாங்கினாள்.
அதற்கு முந்தின வருஷம் இரண்டு.
அவள் கழுத்தோரத்திலும் அதே இலை,
நரம்பெல்லாம் தேய்ந்து வழுவழுத்து,
கடி மட்டும் அப்படியே.
"வீட்டில் தெரிய வேண்டாம்" என்று
செய்தித்தாளில் சுற்றித் தரச் சொன்னாள்.
பெயர் கேட்கவில்லை.
இந்த ஊரில் சிவப்பு மழைக்கோட்டுகள் ஏராளம்.

மதியம் இரண்டு மணிக்கு வந்தாள்.
தட்டை ஒரு விரலால் கிளறினாள்.
மீன் இருந்தது, ஊசியிலைக் காய் இருந்தது,
கண்ணில்லாத ஆந்தை ஒன்று இருந்தது.

"இந்த வருஷம் இலை ஏதும் வரவில்லையா?"

"ஒன்றுகூட இல்லை" என்றேன்.
இவ்வளவு சுலபமாக வருமென்று நினைக்கவில்லை.

அவள் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமில்லை.
காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
கண்ணில்லாத ஆந்தையைக் கையில் எடுத்து
விலை கேட்டு, திரும்ப வைத்துவிட்டு,
ஒரு வாஃபிள் வாங்கினாள்.
அதன் ஓரத்தைக் கடித்தபடி
மழைக்குள் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தோம்.
நகை மேசை: அறுநூற்று நாற்பது குரோனர்.
டிராம்போனுக்கு இன்னும் வெகு தூரம்.